வலி எங்கிருந்து வருகிறது? தோள்பட்டை நோயறிதலில் படம் பார்த்துப் போடும் ஊசி

தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டியிருக்கும் தருவைகுளம், தோளை நம்பிப் பிழைக்கும் ஊர். செவுள்வலை ஏற்றிய விசைப்படகுகள் இங்கிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகின்றன. சூரையும் சீலாவும் விழுந்த வலையைத் தண்ணீரிலிருந்து இழுப்பது, ஐஸ் அள்ளிப் போடுவது, கரை சேர்ந்ததும் கூடை கூடையாக மீன் இறக்குவது என எல்லாப் பாரமும் கடைசியில் தோளில்தான் வந்து நிற்கிறது. ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். வெயிலில் உப்பு வாரிச் சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே தள்ளினால் பனையேறிகள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒருநாள் கை மேலே போகாமல் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? முதலில் எண்ணெய் போட்டுத் தடவுவார்கள். பிறகு மெடிக்கலில் வலி மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போய்த் தோளில் ஊசி. சிலருக்கு வலி விடும், சிலருக்கு விடாது. விடாதவர் 'ஊசி கேட்கவில்லை' என்று அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவார். அந்த ஊசி போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று கேட்பவர் அரிது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. தோளில் போடும் ஊசி சிகிச்சையாக மட்டுமின்றி நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாகவும் எப்படிப் பயன்படுகிறது, அதில் அல்ட்ராசவுண்டும் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எங்கே உதவுகின்றன, உலக ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நம் கரையோரத்துக்கு அதில் எது பொருந்தும் என்பதைத் தொகுத்துப் பார்க்கிறது.

ஒரு தோள், பல மூலங்கள்

உடம்பில் அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்மூட்டு. மேற்கை எலும்பின் பெரிய பந்து, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. குழியின் விளிம்பில் 'லேப்ரம்' என்ற குருத்து வளையம் அதற்குக் கரை கட்டுகிறது. பந்தை இடத்தில் பிடித்து வைப்பவை நான்கு தசைகள். அவற்றின் நாண்கள் சேர்ந்து பந்தைப் போர்த்துகின்றன. மருத்துவர்கள் அதை 'ரொட்டேட்டர் கஃப்' என்பார்கள். அந்த நாண்களுக்கும் மேலே கூரைபோல் நீட்டியிருக்கும் எலும்புக்கும் இடையில் 'பர்ஸா' என்ற வழவழப்பான மெல்லிய பை. கூரையின் முன்பக்கம் காறை எலும்பு வந்து சேரும் சிறு மூட்டு தனி. முன்புறம் புஜத்தசையின் நீண்ட நாண் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது.

இவை எல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியவை. எது கெட்டாலும் வலி ஏறத்தாழ ஒரே இடத்தில், பெரும்பாலும் மேற்கையின் வெளிப்பக்கத்தில் தெரிகிறது. நாண் கிழிந்தவரும், பர்ஸா வீங்கியவரும், மூட்டு உறை சுருங்கி இறுகியவரும் 'கை தூக்க முடியலை, ராத்திரி படுக்க முடியலை' என்று ஒரே வார்த்தையில்தான் சொல்வார்கள். ஆனால் மூவருக்கும் வைத்தியம் வேறு.

வலியின் மூலம் தோளிலேயே இல்லாமலும் போகலாம். கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினால் வலி தோளுக்கு இறங்கும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலிக்கும். மாரடைப்பு இடது தோளில் வலித்துத் தொடங்கலாம். நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுநோய்கூடத் தோள்வலியாக வரும். நம் நாட்டில் காசநோயும் தோள்மூட்டைப் பிடிக்கும். அப்போது மூட்டுக்குள்ளிருந்து நீரோ திசுவோ எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கடல் குளிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பு தொடர்கிறது. மூச்சை அடக்கிக் குளித்த காலம் போய், கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியே இழுத்து ஆழத்தில் நெடுநேரம் தங்கும் வழக்கம் வந்தது. அப்படித் தங்கிவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளைத் தாக்கும். அதில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் தோள்தான். பல ஆண்டு குளித்தவர்களுக்கு மேற்கை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவதும் உண்டு. கடலிலிருந்து ஏறிய அன்றே தோள் வலிக்கும் குளியாளிக்குத் தேவை ஆக்சிஜனும் அழுத்த அறையும். அவருக்கு ஊசி போட்டுக் காலத்தைக் கடத்துவது கேடு.

படம் மட்டும் போதுமா?

'ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்' என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. 34 விழுக்காட்டினருக்கு நாண்களில் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் மட்டும் அது 54 விழுக்காடு. 2011-இல் வெளியான மற்றொரு ஆய்வில், 40 முதல் 70 வயது வரையுள்ள வலியற்ற 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தபோது, 96 விழுக்காட்டினர் தோளில் ஏதோ ஒரு மாறுதல் தென்பட்டது.

ஆகவே 55 வயதுப் படகுத் தொழிலாளியின் எம்.ஆர்.ஐ.யில் ஒரு சிறு கிழிசல் தெரிந்தால், அவர் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வலி தொடங்குவதற்கு முன்பே அந்தக் கிழிசல் அங்கே இருந்திருக்கலாம். படம் கோளாறைக் காட்டும்; அந்தக் கோளாறுதான் வலிக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் சோதனை ஊசி வந்தது.

மரப்பு ஊசி சொல்லும் பதில்

வீட்டில் எந்த லைனில் கோளாறு என்று அறிய எலெக்ட்ரீஷியன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். சோதனை ஊசியின் தத்துவமும் அதுதான். சந்தேகப்படும் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, வலி போகிறதா என்று பார்ப்பது.

இதற்குப் பயன்படும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை 1943-இல் ஸ்வீடன் வேதியியலர் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கினார். கூரை எலும்புக்கு அடியில் நாண் உரசுவதே தோள்வலிக்குப் பெருங்காரணம் என்று 1972-இல் எழுதிய அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர், அந்த இடத்தில் லிக்னோகெயின் செலுத்திப் பார்க்கும் சோதனையைப் பரப்பினார். ஊசிக்கு முன் கையைத் தூக்கினால் வலி. ஊசிக்குப் பின் அதே அசைவில் வலி இல்லை. அப்படியென்றால் வலி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. இன்றும் அந்தச் சோதனை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

ஒழுங்காகச் செய்தால் இந்தச் சோதனை இன்னும் இரண்டு செய்திகளைத் தரும். முதலாவது பலம் பற்றியது. கையில் பலமில்லாதவருக்கு வலி மரத்ததும் பலம் திரும்பினால், பயத்திலும் வலியிலும்தான் தசை வேலை செய்யாமல் இருந்தது என்று பொருள். வலி போயும் பலம் வரவில்லை என்றால் நாண் முழுமையாகக் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். இரண்டாவது இறுக்கம் பற்றியது. வலி மரத்த பிறகும் கை குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுழலவில்லை என்றால், உறை உண்மையாகவே இறுகியிருக்கிறது. அதுதான் உறைந்த தோள். சாதாரண தோள்மூட்டு 15 மில்லி அல்லது அதற்கு மேலும் திரவம் கொள்ளும். உறைந்த தோளில் 10 மில்லிகூட இறங்காமல் எதிர்த்துத் தள்ளும். ஊசி போடும் கைக்கே அந்த எதிர்ப்பு தெரிந்துவிடும்.

ஊசி எங்கே போனது?

இவ்வளவும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டது: மருந்து நினைத்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். வெளியே எலும்பைத் தடவிப் பார்த்து, பழக்கத்தால் குத்தும் ஊசி எவ்வளவு சரியாகப் போகிறது? 1997-இல் வெளியான அயர்லாந்து ஆய்வு ஒன்று, மருந்தோடு எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தையும் கலந்து செலுத்திப் படம் எடுத்தது. மூட்டுக்குள் போட்டதாக நினைத்த 24 ஊசிகளில் 10-தான் மூட்டுக்குள் இருந்தன. பர்ஸாவுக்குள் போட்டதாக நினைத்த 14-இல் 4 மட்டுமே சேர்ந்திருந்தன. பிறகு வந்த பல ஆய்வுகளில் கைத்தடவல் ஊசி இதைவிட நன்றாகவே குறி தப்பாமல் போயிருக்கிறது. இருந்தும் மூட்டுக்குள் போடும் ஊசியிலும் காறை எலும்பின் சிறு மூட்டிலும் படம் பார்த்துப் போடுவதே துல்லியம் என்பதில் பொதுவாக ஒத்த கருத்து இருக்கிறது. காறை மூட்டு மிகச் சிறியது. ஒன்றிரண்டு மில்லிதான் கொள்ளும். ஊசி சற்று ஆழமாகப் போனால் கீழே உள்ள பர்ஸாவில் இறங்கிவிடும்.

படம் பார்ப்பதில் இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்ரே கருவி. எலும்பின் நிழலைப் பார்த்து ஊசியை இறக்கி, துளி சாயம் விட்டு, அது மூட்டின் வடிவில் பரவுகிறதா என்று உறுதிசெய்வார்கள். மற்றது அல்ட்ராசவுண்ட். இதில் கதிர்வீச்சு இல்லை. நாணும் பர்ஸாவும் ஊசியும் நேரடியாகத் திரையில் தெரியும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பின்பக்கத்திலிருந்து ஊசியை மெல்ல மூட்டுக்குள் நகர்த்தலாம். கையை அசைக்கச் சொல்லி, நாண் எங்கே சிக்குகிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

படம் பார்த்துப் போட்டாலும் பதிலை வாசிக்க விவேகம் வேண்டும். நாணில் முழுக் கிழிசல் இருந்தால், மூட்டுக்குள் விட்ட மருந்து அந்த ஓட்டை வழியே பர்ஸாவுக்கு ஒழுகும். அப்போது வலி போனது எந்த இடம் மரத்ததால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. புஜநாணின் உறை மூட்டோடு இணைந்தே இருப்பதால் அங்கேயும் மருந்து பரவும். மருந்தை அளவுக்கு மேல் விட்டால் நாலாபுறமும் கசிந்து சோதனையே வீணாகும். ஊசி போட்டார்கள் என்ற நம்பிக்கையாலும் சிலருக்கு வலி குறையும். இதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் குறைந்த அளவு மருந்தை விட்டு, எந்தெந்த அசைவில் எவ்வளவு வலி என்பதைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணால் முன்னும் பின்னும் எழுதி வைக்கிறார்கள். 'கொஞ்சம் தேவலை' என்ற பதிலில் நோயறிதல் நிற்காது.

மூட்டுக்குள் சாயம்

மருந்துக்குப் பதிலாகச் சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பது இந்தத் துறையின் மற்றொரு கிளை. 1933-இல் ஓபர்ஹோல்ட்சர் மூட்டுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். 1939-இல் ஸ்வீடனின் லிண்ட்ப்ளம் சாயத்தைப் பயன்படுத்தி நாண் கிழிசலைக் காட்டினார். 1980-களின் பிற்பகுதியில் காடோலினியம் சாயத்தை நீர்க்கச் செய்து மூட்டுக்குள் விட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறை வந்தது. எம்.ஆர். ஆர்த்ரோகிராம் என்பது இதுதான். சுமார் 12 மில்லி திரவம் மூட்டை விரித்துக் கொடுப்பதால், ஒட்டிக்கிடந்த கிழிசல்கள் வாய் பிளந்து தெரியும்.

2009-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வுரை, நாண் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் ஆர்த்ரோகிராமே மிகத் துல்லியம் என்றது. சாதாரண எம்.ஆர்.ஐ.க்கும் அல்ட்ராசவுண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் அதே ஆய்வுரை சொன்னது. நம்மைப் போன்ற இடங்களுக்கு இது முக்கியமான செய்தி. நாண் கிழிசலைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் கையில் இருக்கும் அல்ட்ராசவுண்டே போதும். தோள் திரும்பத் திரும்ப நழுவும் இளைஞருக்கு லேப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் ஆர்த்ரோகிராமின் உண்மையான தேவை வருகிறது. எல்லாத் தோள்வலிக்கும் அதை எழுதிக் கொடுப்பது வீண் செலவு.

சிகிச்சை வேறு, சோதனை வேறு

இங்கே ஒரு முரண் தோன்றும். படம் பார்த்துப் போட்டால் ஊசி சரியாகப் போகிறது என்றால், வலியும் அதிகமாகக் குறைய வேண்டுமல்லவா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2021-ஆம் ஆண்டு ஆய்வுரை, வலி குறைக்கச் சிகிச்சையாகப் போடும் ஸ்டீராய்டு ஊசி குறித்த 19 சோதனைகளை, 1035 நோயாளிகளை, தொகுத்துப் பார்த்தது. அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டவர்களுக்கும் பாராமல் போட்டவர்களுக்கும் வலிக் குறைவில் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. ஸ்டீராய்டு அக்கம்பக்கத்தில் பரவியும் உடம்பெங்கும் உறிஞ்சப்பட்டும் வேலை செய்வது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை வைத்துச் சிலர் 'படம் தேவையில்லை' என்கிறார்கள். அது பாதி உண்மை. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வலி குறைக்கப் போடும் ஊசிக்கு அந்த வாதம் பொருந்தும். நோய் எதுவென்று கேட்கப் போடும் ஊசிக்குப் பொருந்தாது. சோதனை ஊசி போட்டும் வலி போகவில்லை என்றால், அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: வலி அந்த இடத்திலிருந்து வரவில்லை, அல்லது மருந்து அந்த இடத்துக்குப் போகவில்லை. படம் இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. பிரிக்க முடியாத பதிலை வைத்துக்கொண்டு அறுவைக்கு நாள் குறிப்பது நியாயமில்லை.

அறுவை என்றதும் இன்னொரு சான்றையும் சொல்ல வேண்டும். கூரை எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை பல்லாண்டுகளாக உலகெங்கும் நடந்தது. 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு 313 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு எலும்பைச் செதுக்கியது, சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியது. இரு தரப்புக்கும் கிடைத்த பலனில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2021-இல் அதே இதழில், 708 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வு வெளியானது. நாண் கோளாறில் ஸ்டீராய்டு ஊசி நீண்டகாலப் பலன் தரவில்லை. நல்ல ஆலோசனையோடு வீட்டில் தானே செய்த பயிற்சி, பிசியோதெரபிஸ்டிடம் பலமுறை போய்ச் செய்த பயிற்சிக்குச் சளைத்ததாகவும் இல்லை. வெட்டுவதற்கும் குத்துவதற்கும் முன் சரியாகக் கண்டறிவதே பெரிய சிகிச்சை என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

எச்சரிக்கைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-இல் வெளியான கணக்கெடுப்பு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஸ்டீராய்டு கலந்த ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும். பல நாள் கடலில் தங்கப் போகிறவர் அந்தச் சமயத்தில் ஊசி போட்டுக்கொண்டு படகேறுவது ஆபத்து. இன்சுலின் போடுபவர் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சோதனைக்கு மட்டும் என்றால் ஸ்டீராய்டு இல்லாமல் மரப்பு மருந்தை மட்டும் போடச் சொல்லிக் கேட்கலாம்.

மூட்டில் கிருமி தொற்றுவது மிக அரிது, தொற்றினால் கடுமை. ஊசி போட்ட பின் காய்ச்சலும் வீக்கமும் கூடும் வலியும் வந்தால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மரப்பு மருந்தோ சாயமோ ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். மரப்பு மருந்தை மூட்டுக்குள் நாள்கணக்கில் தொடர்ந்து செலுத்திய நோயாளிகளுக்குக் குருத்தெலும்பு கரைந்ததைக் கண்டு 2009-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஒருமுறை போடும் சோதனை ஊசிக்கு அந்த அச்சம் பொருந்தாது. திரும்பத் திரும்பப் போடுவதற்கு அது ஒரு பாடம். ஸ்டீராய்டை அடுத்தடுத்துப் போட்டால் நாணே பலவீனமாகும்.

மரத்துப்போன தோளோடு அன்றைக்கே வலை இழுக்கவும் கூடாது. வலி இல்லை என்பதால் பாரம் தெரியாது. இருக்கும் கிழிசல் பெரிதாகும்.

நம் கரைக்கு என்ன வேண்டும்?

தருவைகுளத்துக்காரருக்குப் பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அதைத் தாண்டினால் திருநெல்வேலி. அப்படிப்பட்ட மருத்துவக் கல்லூரிகளில் எலும்பு மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் இருப்பார்கள். ஆனால் நோயாளி ஒரு துறையில் பார்த்து, மறு துறையில் படமெடுத்து, மீண்டும் முதல் துறைக்கு வருவதற்குள் சில நாள் கூலி போய்விடும். படகு புறப்படும் தேதி டாக்டர் கொடுக்கும் தேதிக்காகக் காத்திருக்காது.

அல்ட்ராசவுண்ட் கருவியைக் கிராமத்துக்கே கொண்டுபோகலாமே என்று தோன்றும். கருவில் பெண் சிசுவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி, இக்கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவான இடத்துக்கு வெளியே அவற்றைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தக் கடும் கட்டுப்பாடு உண்டு. பெண் சிசுக்கொலையின் கொடுமையைக் கண்ட தமிழ்நாட்டுக்கு அந்தச் சட்டம் தேவை. தோள்வலிக்காக அதைத் தளர்த்தச் சொல்ல நான் ஒப்பமாட்டேன். சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளைத் தோளுக்கென்று ஒதுக்கலாம். அன்று எலும்பு மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே அறையில், பதிவான ஒரே கருவியோடு உட்கார்ந்தால், பரிசோதனையும் படமும் சோதனை ஊசியும் ஒரே நாளில் முடியும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. நோய் சரியாகக் கண்டறியப்பட்டால், பின்தொடரும் பயிற்சியை அந்தப் பணியாளர்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முடிவாக என் கருத்து இது. பெரும்பாலான தோள்வலிக்கு ஊசியே வேண்டாம். நல்ல பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சில வாரப் பயிற்சியும் போதும். பரிசோதனைக்கும் படத்துக்கும் பிறகும் மூலம் தெளியாதபோதும், அறுவைக்கு முடிவெடுக்கும் முன்பும் சோதனை ஊசி அருமையான கருவி. அந்த ஊசியைப் படம் பார்த்துத்தான் போட வேண்டும். முன்னும் பின்னும் வலியை எண்ணால் எழுதித்தான் ஆக வேண்டும்.

தோளைக் காட்டப் போகும் ஒவ்வொருவரும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஊசி வைத்தியத்துக்கா, சோதனைக்கா? எந்த இடத்தில் போடுகிறீர்கள்? அங்கேதான் போனது என்று எப்படித் தெரியும்? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அந்தத் தோளை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.